நடுத்தண்டில் ஈன்ற வாழை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கத்துத் தோட்டங்காட்டிலேயே கிராம சுகாதார செவிலியராகச் சுற்றி, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி எப்படிப் போடுவது, எதை எந்தச் செல்போன் ஆப்பில் ஏற்றுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் அதைத் தொடப்போவதில்லை. காலையில் வாசலில் நின்று நீங்கள் பேசிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்களில் ஒரு பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. வீடு வீடாகப் போனபோது ஒரு வயசான அம்மா, "எம் மருமக ஈனிப்போட்டாளுங்க, ஆம்பளப் புள்ள" என்று சொன்னாராம். மனுசியைப் போய் மாட்டைச் சொல்வதுபோலச் சொல்கிறார்களே என்று இந்தப் பிள்ளைக்கு ஆற்றாமை. கோபப்படத் தெரிகிற பிள்ளை நல்ல நர்சாக வரும், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் ஒரு பெண்ணின் முகம்தான் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'ஈனுதல்' ரொம்பப் பழைய சொல். 'ஈன்ற தாய்' என்று அச்சில் படித்தால் கைகூப்புகிறோம். அதையே தொழுவத்தில் கேட்டால் முகம் சுளிக்கிறோம். சந்தையில் மாடு பிடிக்கிறவர் 'முதல் ஈத்தா, ரெண்டாம் ஈத்தா' என்று கேட்பார், அந்த ஈத்தும் இதுதான். வாழை தார் தள்ளினால் நம் பக்கத்தில் 'வாழை ஈனிருச்சு' என்பார்கள். நெற்பயிர் கதிரை வெளியே விட்டாலும் பழைய ஆட்கள் ஈன்றது என்றுதான் சொன்னார்கள். தெலுங்கு பேசுகிற வீடுகளில் மாடு கன்று போட்டால் அவர்கள் சொல்வதும் இதே சொல்தான், வால் மட்டும் வேறு. கன்னடத்திலும் அப்படித்தான் என்று ஓசூருக்கு வாக்கப்பட்ட என் தங்கை சொல்வாள். அப்படியானால் மூன்று மொழிக்காரர்களும் ஒரே அடுப்பில் சமைத்த காலத்தில் பிறந்த சொல்லாக இருக்க வேண்டும். மனுசிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று அந்தக் காலத்தில் பிரித்து வைக்கவில்லை. உயிருள்ளது எதுவானாலும் ஈனும், அவ்வளவுதான்.

இதன் வேர் எது என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தமிழாசிரியர்களிடம் கேட்டேன். ஒருவர், ஈதல் என்றால் கொடுத்தல், அதிலிருந்து வந்ததுதான் ஈனுதல் என்றார். இன்னொருவர், அதெல்லாம் இல்லை, இது தனி வேர் என்றார். இருவரும் என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் கட்டிப் புரண்டார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எது சரி என்று எனக்குத் தெரியாது. என் வேலையில் நான் கண்ட அர்த்தம் ஒன்று உண்டு. உள்ளே வளர்ந்தது, அதற்கென்று இருக்கிற இடத்தில் வளர்ந்து, அதற்கென்று இருக்கிற வழியில் வெளியே வர வேண்டும். இடம் மாறிப்போனால் ஈன்றதும் மிஞ்சாது, ஈன்றவளும் மிஞ்சமாட்டாள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஒரு அமாவாசை நாள் மத்தியானம்தான் கண்ணால் பார்த்தேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அது. பெயர்களை மாற்றியே சொல்கிறேன். பாவாயி என்று ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். புருசன் இல்லை. ஒரே மகன் சரவணன், போர்வெல் ரிக்கில் வேலை, வருசத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். மருமகள் கோகிலா. கல்யாணமாகிச் சில வருசம் ஆகியும் குழந்தை இல்லை. மாமியாரும் மருமகளும்தான் மரவள்ளிக் காட்டையும் கீழ்வயல் வாழையையும் பார்த்துக்கொண்டார்கள். பாவாயி வாயாடி, ஆனால் கெட்டவளில்லை. நான் போனால் மோர் கொடுக்காமல் விடமாட்டாள், குடித்து முடிப்பதற்குள் ஊர் வம்பு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு யாருக்காவது காய்ச்சலா என்று விசாரிக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். தோட்டத்து வேலியைத் தாண்டும்போதே பாவாயியின் சத்தம் கேட்டது. "வெட்டட்டுமா? வருசம் வருசம் பூத்துப் பூத்துக் கொட்டறயே, இன்னிக்கு வெட்டிப் போடட்டுமா?" என்று அலறிக்கொண்டிருந்தாள். யாரை வெட்டப் போகிறாள் என்று ஓடினேன்.

காய்க்காத மாமரம் ஒன்று அங்கே உண்டு. அடிமரத்தில் பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாவாயி கோடாலியை ஓங்கிக்கொண்டு முன்னால் நின்றாள். உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாது. காய்க்காத மரத்தை இப்படி மிரட்டுவது வழக்கம். ஒருவர் வெட்டுகிறேன் என்று கோடாலியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று, மரத்துக்காகப் பதில் சொல்ல வேண்டும். பயந்துபோன மரம் அடுத்த வருசம் காய்க்கும் என்று நம்பிக்கை. சிரிப்பும் கூத்துமாக நடக்கிற காரியம்தான். நானே சின்ன வயதில் மரத்துக்குப் பின்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் நின்றவள் கோகிலா. "வெட்டாதீங்க. காய்க்கறேனுங்க. வாற வருசம் காய்க்கறேனுங்க" என்றாள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. கெஞ்சுகிற குரல்.

"ஏனுங்க நர்சம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களும் ஒரு மெரட்டு மெரட்டுங்க" என்று பாவாயி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு வஞ்சகம் ஒன்றும் கிடையாது. மருமகள் வாயால் 'காய்க்கிறேன்' என்று சொன்னால் அது அவளுக்கும் பலிக்கும் என்று ஒரு ஆசை. அந்தப் பிள்ளை காதில் அது எப்படி விழும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நான் அவளை நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கோகிலா மரத்தைப் பிடித்தபடியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

வெயில், அமாவாசை விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பாவாயி காரணங்களை அடுக்கினாள். நானும் அதைத்தான் நினைத்தேன். தூக்கிக்கொண்டு போய் வீட்டு முன்கூடமான ஆசாரத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். அப்போதுதான் கையைப் பிடித்தேன். கை ஐஸ். நெற்றியில் வேர்வை. உதடு சோளத்தட்டு மாதிரி வெளுத்திருந்தது. நாடி விரலுக்கு அகப்படாமல் ஓடியது. வெயில் மயக்கம் பார்த்திருக்கிறேன், விரத மயக்கம் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை.

"எங்க வலிக்குது, கண்ணு?"

"வயிறுங்க. காலையில இருந்து ஒரு பக்கமாச் சுருட்டிப் புடிக்குது." சொல்லிக்கொண்டே அவள் கை தோள்பட்டைக்குப் போனது. "இப்பத் தோளும் வலிக்குதுங்கக்கா."

"நேத்து தண்ணிக் கொடத்த இடுப்புல வெக்காதன்னு சொன்னனா இல்லையா? சுளுக்கிக்கிச்சு. எண்ணெய் காச்சிட்டு வாரேன்" என்று பாவாயி எழுந்தாள்.

வயிற்று வலி என்று சொன்னவள் தோளைத் தடவியதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை பழகினேன். கடுகு மாதிரி பொரிவார். அவர் பெயரைச் சொன்னால் இப்போதும் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. அவர் சொன்னது இது: "கல்யாணமான பொண்ணு வெளிறிப் போய் விழுந்தா, மாசமா இருக்கான்னு முதல்ல நெனை. வயிறு வலின்னு சொல்லிட்டுத் தோளைப் புடிச்சா, உள்ளே ரத்தம் போகுதுன்னு நெனை. நெனைச்சது தப்பா இருந்தா சந்தோசப்படு. யோசிச்சுட்டு மட்டும் நிக்காதே."

நான் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், பயத்தில் நின்றேன். ஒருவேளை சாதாரணமாகத்தான் கர்ப்பமாக இருந்து, நான் அவளை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய், வழியில் கலைந்துவிட்டால்? அதற்கப்புறம் அந்த ஊரில் ஒரு வாசலிலும் எனக்கு வழி கிடையாது. என் பேச்சைக் கேட்டு இனி எவளும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். இன்னொரு பக்கம், நான் நினைத்தபடி கரு இடம் மாறித் தங்கியிருந்தால் இந்தப் பிள்ளை என் கண் முன்னாலேயே போய்விடும். என் பையில் ஸ்கேன் கிடையாது. இருந்ததெல்லாம் அவள் வாய் ஒன்றுதான்.

பாவாயி எண்ணெய் காய்ச்ச உள்ளே போன நேரம் பார்த்துக் குனிந்து கேட்டேன். "தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு, சாமி? தள்ளிப் போயிருக்கா?"

"இல்லீங்க" என்றாள். சட்டென்று. கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள். கண் மட்டும் சமையலறைப் பக்கம் போய் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு முன்பு ஒரு தடவை கரு தங்கியிருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்த அன்றைக்கே பாவாயி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் வயிற்றைக் காட்டிச் சிரித்தாள். கொஞ்ச நாளில் கலைந்துவிட்டது. சுரைப் பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகிப்போகும் என்று சொல்வார்கள் அல்லவா? தோட்டத்துக்காரர்கள் எவரும் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டமாட்டார்கள், விரலை மடக்கித்தான் காட்டுவார்கள். "சுட்டுனீங்க, அழுகிருச்சு" என்று ஊரே பேசியது. கோகிலாவும் அதை அப்படியே நம்பிவிட்டாள் போலிருக்கிறது. இந்தத் தடவை புருசனிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வலியையும் அதனால்தான் மறைத்திருக்கிறாள். வலி என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

இதெல்லாம் எனக்கு அந்த நிமிசம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது. "பைத்தியக்காரி, மூடநம்பிக்கை" என்று நான் அப்போது கத்தியிருந்தால் அவள் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உயிர் போகிற நேரத்தில் ஒருத்தியின் நம்பிக்கையோடு சண்டை போடாதீர்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து இருக்கும், அதைத் தேடுங்கள்.

நான் சொன்னேன்: "சரி கண்ணு. நான் கேக்கல. நீ வாய் தொறந்து சொல்லவே வேண்டாம். ஆமான்னா என் கைய ஒரு அமுத்து அமுத்து. அவ்வளவுதான். அமுத்துனா சொன்னதாகாது."

என் முகத்தையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அப்புறம் ஐஸ் மாதிரி இருந்த அந்த விரல்கள் என் கையை அமுக்கின. பலமே இல்லை அதில்.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் பாதி சொல்வதற்குள், "வழியில எங்கயும் நிக்காதே. பக்கத்துல இருக்கற சின்ன இடத்துக்கெல்லாம் கொண்டுபோகாதே, அங்க வயித்தத் தொறக்க ஆளில்ல. நேரா இங்க வா. நான் தியேட்டரைத் தயார் பண்றேன். தப்பா இருந்தா வந்து என்னைத் திட்டச் சொல்லு" என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மணி என்கிற ஆள் குட்டியானை லோடு வண்டியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, கிழங்கைக் கீழே தள்ளச் சொன்னேன்.

வண்டிச் சத்தம் கேட்டுப் பாவாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். இனி மறைக்க முடியாது. அந்தப் பிள்ளை "சொல்லாதீங்கக்கா" என்று முனகினாள். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படிக் கொண்டுபோவது?

"பாவாயக்கா, உங்க மருமக மாசமா இருக்கறா. ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகோணும்."

எண்ணெய்க் கிண்ணம் கீழே விழுந்தது. பாவாயி அப்படியே கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்குலசாமி கண்ணத் தொறந்துட்டாளே!" என்றாள். அடுத்த நிமிசம் குட்டியானையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இந்த வண்டிலயா? நர்சம்மா, உங்களுக்குப் புத்தி இருக்குதா? மொதல் தடவ கலைஞ்ச புள்ள. இந்தக் குண்டுங்குழி ரோட்டுல குலுங்குனா தங்குமா? ஏத்த மாட்டேன். மயக்கம் எல்லாப் பொம்பளைக்கும் வாறதுதான். படுத்துக் கெடக்கட்டும். நான் ஒரு வேல சொல்ல மாட்டேன். எந்திரிக்கவே வேண்டாம்!"

கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். கையில் இப்போது கோடாலி இல்லை, ஆனால் எனக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது. மிரட்டுகிறவளோடு மல்லுக்கட்டலாம். சந்தோசத்தில் வழி மறிக்கிறவளை என்ன செய்வது? அவளுக்கு அது பேரன், பேத்தி. எத்தனையோ வருசத்து ஏக்கம். அதைத்தான் காப்பாற்றுகிறாள். நான் சொல்ல வேண்டியதோ, அது எப்படியும் பிழைக்காது என்பதை.

கருக்குழாய், கருப்பை என்று ஆரம்பித்தேன். பாவாயியின் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. கோகிலாவின் கண் சொருகத் தொடங்கியது. ஏதாவது சொல்லடி, ஏதாவது சொல்லடி என்று எனக்குள்ளேயே கத்தினேன். அப்போது கீழ்வயல் வாழை கண்ணில் பட்டது.

"அக்கா, நடுத்தண்டுல ஈன்ற வாழை பாத்திருக்கீங்களா?"

வாழைக்காரர்களுக்கு இது தெரியும். எங்கேயாவது ஒரு மரம் உச்சியில் தார் விடாமல், வழி அடைத்துப்போய், தண்டின் நடுவிலேயே பிளந்துகொண்டு பூவைத் தள்ளும். அதிசயம் என்று பேப்பரில்கூடப் போடுவார்கள்.

"பாத்திருக்கறேன். எங்க வயல்லயே ஈனுச்சு" என்றாள். நான் என்ன பேசுகிறேன் என்று அவளுக்கு எரிச்சல். "ஊரே வந்து மஞ்சத் துணி கட்டிக் கும்பிட்டுச்சு. அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் அந்த மரம் என்னாச்சு?"

வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். கீழ்வயல் பக்கம் பார்த்தாள். "தண்டு பொளந்து முறிஞ்சு உளுந்துருச்சுங்க" என்றாள், மெதுவாக.

"தாரு?"

"அது எங்கீங்க தேறும்? கருகிப் போச்சு."

"உங்க மருமக வயித்துல அப்படித்தான் ஈனப் பாக்குதக்கா. தங்க வேண்டிய எடத்துல தங்கல. ஓரத்துக் கொழாய்ல தங்கிருச்சு. அது பொளந்துகிட்டு இருக்குது, உள்ள ரத்தம் போகுது. தாரு தேறாது. அத நாம காப்பாத்த முடியாது. மரத்தக் காப்பாத்தலாம். இப்ப ஏத்துனாத்தான்."

மறித்து நின்ற பாவாயி விலகினாள். திரும்பினாள், மருமகளின் தலைமாட்டில் கையைக் கொடுத்தாள். "மணி, காலப் புடி" என்றாள்.

வண்டியில் மெத்தையைப் போட்டுப் படுக்க வைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளே, அந்தப் பயணத்தை நான் இன்றும் கனவில் போகிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கோகிலா முனகுவாள். "மெதுவாப் போ மணி!" என்று பாவாயி கத்துவாள். "வேகமாப் போங்க!" என்று நான் கத்துவேன். பாவம் அந்த மனுசன், இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் ஹார்னை அமுக்கிக்கொண்டே ஓட்டினார். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். "இங்க ஒரு குளுக்கோசாவது போட்டுட்டுப் போலாமுங்க" என்று அவரும் பாவாயியும் கெஞ்சினார்கள். எனக்கும் ஆசைதான். யாராவது ஒருவர் கையில் இவளை ஒப்படைத்துவிட்டால் என் பயம் கொஞ்சம் இறங்குமே! அந்த ஆசையை நம்பாதீர்கள். அது நம் பயத்துக்கு மருந்து, அவளுக்கு இல்லை. "நிக்கக் கூடாது, போங்க" என்றேன்.

தண்ணீர் கேட்டாள். ஆபரேசன் இருக்கிறது, கொடுக்க முடியாது. பாவாயி இளநீரோடு வந்திருந்தாள். நான் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். "ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்கறீங்களே, நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று திட்டினாள். திட்டிவிட்டு, முந்தானையை நனைத்து மருமகளின் உதட்டைத் துடைத்தாள். அப்புறம் அவள் காதில் குனிந்து, "நான் மரத்தத்தான் சாமி கேட்டேன். உன்னக் கேக்கல. உன்னக் கேக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்குக் கேட்டதா என்று தெரியாது. நாடி என் விரலுக்கு வருவதும் போவதுமாக இருந்தது. எந்தச் சாமி பெயரெல்லாம் தெரியுமோ அத்தனையும் நான் சொல்லித் தீர்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே ஸ்ட்ரெச்சரோடு நின்றார். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கோகிலாவின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தார், "உள்ளே" என்றார். கதவு மூடியது.

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பயம் இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்கிற பயம். பாவாயி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மகனுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள், அவன் இருந்த காட்டில் டவர் இல்லை. மணி ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். நான் கை கழுவப் போனேன், கை நடுங்கிக் குழாயைத் திறக்க முடியவில்லை. பிள்ளையை ஏற்றும்போது நடுங்காத கை அப்போது நடுங்கியது. உங்களுக்கும் நடுங்கும். நடுங்கினால் வெட்கப்படாதீர்கள். வேலை முடியும் வரை பொறுத்திருந்ததே என்று கைக்கு நன்றி சொல்லுங்கள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒரு பக்கத்துக் குழாய் வெடிச்சிருந்துது, எடுத்துட்டேன். வயிறு பூரா ரத்தம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இங்க வந்தும் பிரயோசனமில்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ போய் எதையாவது தின்னு. பேய் மாதிரி நிக்கறே" என்றார். அவரிடம் இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

நான் பாவாயியைப் பார்த்தேன். இனி மருமகளுக்குக் குழந்தை பிறக்குமா என்று கேட்பாள், கேட்டே தீருவாள் என்று காத்திருந்தேன். எத்தனை பேர் அதைத்தான் முதலில் கேட்டு நான் பார்த்திருக்கிறேன்! இன்னொரு பக்கத்துக் குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல டாக்டரம்மாவும் தயாராக நின்றார். பாவாயி அதைக் கேட்கவில்லை. "கண்ணு முழிச்சாளுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் நான் வார்டுக்குப் போனேன். கோகிலா விழித்திருந்தாள். முகம் பேப்பர் மாதிரி இருந்தது, ஆனால் கை சூடாக இருந்தது. பாவாயி தலைமாட்டில் நின்று அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சரவணனிடமிருந்து போன் வந்தது.

பாவாயி போனை எடுத்துப் பார்த்தாள். பேசுவதற்கு வாயைத் திறந்து, வேண்டாமென்று மூடிக்கொண்டாள். "நீயே சொல்லு சாமி. நான் சொல்ல மாட்டேன்" என்று மருமகள் காதில் வைத்தாள்.

ரிக் ஓடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. கோகிலா என்னவோ சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பக்கம் அவன் கத்தினான். "கேக்கல புள்ள! கம்ப்ரசர் ஓடுது! சத்தமாச் சொல்லு!"

அவள் இன்னொரு தரம் சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கல! சத்தமா!"

கோகிலா என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

"நான் மாசமா இருந்தேனுங்க! இப்ப இல்லீங்க! உசுரோட இருக்கறேனுங்க!"